மேவிக் 3 கையில் இருக்கிறது, படம் மட்டும் சரியாக வரவில்லை: ரீயூனியனில் ட்ரோன் வைத்திருப்பவர்கள் உதவுங்கள்

பிராபனோன்_குமரன் · ஏப்ரல் 14, இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். காரைக்காலில் பிறந்தவன், பத்து வயதிலிருந்து ரீயூனியன், இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவு. இப்போது பிரா-பனோனில் குடியிருக்கிறேன். போன மாதம் ஒருவர் பயன்படுத்திய டிஜேஐ மேவிக் 3 ட்ரோன் வாங்கினேன். மூன்று பேட்டரியும் பையும் சேர்த்துக் கொடுத்தார். இரண்டு வருடமாகச் சேர்த்த பணம்.

வாங்குவதற்கு முன் நான் பார்த்த வீடியோக்களில் மலையும் கடலும் வழுக்கிக்கொண்டு போகும். நான் எடுத்தால் எல்லாம் வெட்டி வெட்டி நகர்கிறது. கடல் நுரை வெறும் வெள்ளைத் திட்டாகவும் கரும்புத் தோட்டம் கறுப்பாகவும் விழுகிறது. ட்ரோனைத் திருப்பினால் படம் அதிர்கிறது. கேமராவை ஆடாமல் பிடிக்கும் ஜிம்பலில் பழுதோ என்று நினைத்து விற்றவரிடம் கேட்டேன். அவர் இதே ட்ரோனில் எடுத்ததைக் காட்டினார், அருமையாக இருக்கிறது. அப்படியென்றால் கோளாறு என் கையில்தான்.

எனக்கு இரண்டு ஆசை. ஒன்று, மாமனாரின் கரும்பு நிலத்தை எடுப்பது. நாற்பது வருடத்துக்கு மேல் அந்த மண்ணில் உழைத்தவர், இப்போது முழங்கால் வலியால் வாசற்படி தாண்டுவதே சிரமம். இரண்டாவது, அடுத்த தைப்பூசத்தில் சேன்-தாந்த்ரே காவடி ஊர்வலத்தை மேலிருந்து எடுப்பது. 4கே, 25 ஃபிரேம், மற்றதெல்லாம் ஆட்டோவில் வைத்திருக்கிறேன். எங்கே தப்பு என்று சொல்லுங்கள்.

மலர்விழி_சேன்லெ · ஏப்ரல் 14, இரவு 10.05

தம்பி, "மற்றதெல்லாம் ஆட்டோ" என்று எழுதினீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. நான் கல்யாணப் படம் எடுப்பவள். தரையில் எடுக்கும் கேமராவுக்கும் வானத்தில் எடுப்பதற்கும் இந்த விஷயத்தில் வித்தியாசம் இல்லை.

வினாடிக்கு 25 ஃபிரேமில் எடுத்தால் ஷட்டர் 1/50 வினாடி இருக்க வேண்டும். ஒரு ஃபிரேமுக்கு உள்ள நேரத்தில் பாதி நேரம் ஷட்டர் திறந்திருந்தால்தான் நகரும் பொருள் லேசாக மங்கிப் பதியும். அந்த மங்கல்தான் கண்ணுக்கு வழுக்கலாகத் தெரிகிறது. ஆட்டோவில் விட்டால் உச்சி வெயிலில் கேமரா 1/3000 வரை போய்விடும். ஒவ்வொரு ஃபிரேமும் கத்தியால் வெட்டிய மாதிரி கூர்மையாக இருக்கும், அவற்றை வரிசையாக ஓட்டும்போது படம் குதிக்கும். உங்களுக்கு நடப்பது இதுதான்.

1/50 வைத்தால் வெளிச்சம் அதிகமாகி வெளுத்துவிடும். அதற்குத்தான் என்டி ஃபில்டர், கேமராவுக்குக் கூலிங்கிளாஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு இப்படி: நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் அளவு) 100, லென்ஸ் துளை எஃப்/16 (எண் கூடினால் துளை சிறிது) என்றால் ஷட்டர் ஏறத்தாழ 1/100. நீங்கள் எஃப்/5.6 வைத்தால் அதே வெளிச்சத்துக்கு 1/800 வேண்டும். அதை 1/50க்கு இறக்க நான்கு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதி), அதாவது வெளிச்சத்தைப் பதினாறில் ஒன்றாக்கும் என்டி16. பிறகு நிறம் திருத்துவதற்கான டி-லாக் முறையில் எடுப்பதாக இருந்தால் மேவிக் 3இல் ஐஎஸ்ஓ 400க்குக் கீழே இறங்காது. இன்னும் இரண்டு ஸ்டாப் கூட்டி என்டி64 மாட்டுங்கள்.

எஃப்/11 வைத்துச் சமாளிக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். அந்த அளவு சென்சாரில் துளையை அவ்வளவு சிறிதாக்கினால் படம் மழுங்கும். நான் எஃப்/5.6ஐத் தாண்டுவது அரிது.

தெற்குக்காற்று · ஏப்ரல் 15, காலை 5.48

சேன்-பியேரில் இருக்கிறேன், ஏழு வருடமாக ட்ரோன் விடுகிறேன். மலர்விழி சொன்னது சரி. திருப்பும்போது வரும் அதிர்வுக்கு இன்னொரு காரணமும் உண்டு, வேகம். ஒரு மரம் திரையின் ஒரு ஓரத்தில் நுழைந்து மறு ஓரத்தில் வெளியேற ஏழு வினாடியாவது ஆக வேண்டும். அதற்கு மேல் வேகமாகத் திருப்பினால் எந்த ஃபில்டர் மாட்டினாலும் படம் நொண்டும். கன்ட்ரோலரில் சினி மோடுக்கு மாற்றுங்கள், கிடைமட்ட வேகம் வினாடிக்கு 5 மீட்டரில் நின்றுவிடும். அமைப்புகளுக்குள் போய்த் திரும்பும் வேகத்தையும் பாதியாகக் குறையுங்கள்.

எனக்குக் கைகொடுத்த பயிற்சி ஒன்று சொல்கிறேன். ஒரு பேட்டரி முழுக்க ஒரே ஒரு நகர்வு. நேராக முன்னால் போவது மட்டும். அடுத்த பேட்டரிக்கு நேராக மேலே ஏறுவது மட்டும். இரண்டு மாதம் இப்படிச் செய்த பிறகுதான் கன்ட்ரோலரின் இரண்டு குச்சியையும் சேர்த்து அசைத்தேன்.

அப்புறம், இந்த ஊரில் யாரும் முதலில் சொல்ல வேண்டியது காற்று. மே முதல் அக்டோபர் வரை தென்கிழக்கிலிருந்து அலிஸே என்ற வணிகக் காற்று அடிக்கும். தீவின் நடுவில் 3000 மீட்டருக்கு மேல் மலை நிற்பதால் காற்று இரண்டு பக்கமும் பிரிந்து ஓரங்களில் வேகம் பிடிக்கும். தெற்கே சேன்-பியேர், சேன்-ஜோசஃப், வடக்கே சேன்-மரி பக்கம். சேன்-ஜில்லில் அதே நாள் இலை அசையாது. மேவிக் 3 தாங்கும் காற்று என்று போட்டிருப்பது வினாடிக்கு 12 மீட்டர், மணிக்கு 43 கிலோமீட்டர். தாங்கும் என்றால் அடித்துப் போகாமல் நிற்கும் என்று மட்டும் அர்த்தம். திரும்பி வரப் பேட்டரி இருக்குமா என்பது தனிக் கணக்கு.

காற்றோடு ஒரு கிலோமீட்டர் போகிறீர்கள், சுகமாக இருக்கும். திரும்பும்போது எதிர்க்காற்று வினாடிக்கு 10 மீட்டர். ட்ரோனின் சாதாரண வேகம் 15. மிஞ்சுவது 5. அமைதியான நாளில் 67 வினாடியில் வரும் தூரத்துக்கு 200 வினாடி ஆகும், அதுவும் மோட்டார் முழு மூச்சில் சுற்றிக்கொண்டு. என் முதல் ட்ரோனை, அது வேறு பழைய கருவி, காப் மெஷான் பக்கம் கடலில் இழந்தது இப்படித்தான். பேட்டரி குறைந்ததும் தானாகத் திரும்பும் ஏற்பாடு அதை மேலே ஏற்றியது, மேலே காற்று இன்னும் பலம். திரையில் அலையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இப்போது நான் செய்வது: முதலில் காற்றுக்கு எதிராகப் போவேன், படம் எடுத்துக்கொண்டே காற்றோடு திரும்புவேன். மாட்டிக்கொண்டால் உயரத்தைக் குறைப்பேன், தாழ்வில் காற்று பெரும்பாலும் மெலிவு. பேட்டரி 40 சதவீதம் தொட்டால் எவ்வளவு நல்ல காட்சியானாலும் திரும்பிவிடுவேன்.

46 நிமிடம் பறக்கும் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். அது காற்றே இல்லாத இடத்தில் அளந்தது. நம் ஊரில் 25 நிமிடம் என்று வைத்துத் திட்டமிடுங்கள்.

பிராபனோன்_குமரன் · ஏப்ரல் 15, இரவு 8.30

மலர்விழி அக்கா, அண்ணா, இரண்டு பேருக்கும் நன்றி. என்டி16உம் 64உம் ஆர்டர் போட்டுவிட்டேன். வரிப் பணமெல்லாம் சேர்த்துப் பிரான்ஸ் விலையை விட நன்றாகவே கூடியது, தீவில் இருப்பவர்களுக்குப் புதிதில்லை.

நேற்று மாலை எத்தான்-சாலே கடற்கரையில் பயிற்சி செய்தேன். இறக்கிய பிறகு மோட்டாரைக் கையால் சுற்றினால் கரகரவென்று சத்தம்.

தெற்குக்காற்று · ஏப்ரல் 15, இரவு 8.52

உடனே நிறுத்துங்கள், இனிமேல் அதை ஓட்டவே கூடாது. எத்தான்-சாலே மணல் கறுப்பு, எரிமலைப் பாறை தூளானது, உள்ளே இரும்புத் துகள் இருக்கிறது. மோட்டாரில் இருப்பது காந்தம். புரொபெல்லர் கிளப்பிய மணலை அது உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். ஒட்டும் களிமண் போன்ற பசையை, புளூ டேக் என்று எழுதுபொருள் கடையில் கிடைக்கும், அதை மோட்டார் இடுக்கில் ஒற்றி ஒற்றி எடுங்கள். ஊதினால் இன்னும் உள்ளே போகும். இனி கடற்கரையில் விரிப்பு போட்டு அதன் மேலிருந்து ஏற்றுங்கள்.

அதே காரணத்துக்காக எரிமலைப் பாறை மேல் வைத்துக் காம்பஸ் சரிசெய்யாதீர்கள். பாறையின் காந்தம் காம்பஸைக் குழப்பும். ஏறியதும் ட்ரோன் வட்டமடிக்க ஆரம்பித்தால் இதுதான் காரணம்.

மோட்டாரைப் பழுது பார்க்க அனுப்பலாம் என்று நினைத்தால் பொறுமை வேண்டும். நான் ஒரு முறை ஜிம்பலை ஒரு கடை வழியாகப் பிரான்சுக்கு அனுப்பி மூன்று மாதம் காத்திருந்தேன். லித்தியம் பேட்டரி உள்ளே இருக்கிறதென்று பார்சலே ஒரு தடவை திரும்பி வந்தது. அதனால் சுத்தம் செய்யக் கற்றுக்கொள்ளுங்கள்.

புதுவை_செல்வா · ஏப்ரல் 17, மாலை 6.20

இடையில் ஒரு கேள்வி. நான் சேன்-தெனியில் இருக்கிறேன், இன்னும் வாங்கவில்லை. டிஜேஐயின் சிறிய ட்ரோனான மினி 4 ப்ரோ 249 கிராம்தான், விதிகளும் லேசு என்கிறார்கள். மேவிக் 3க்கு அவ்வளவு பணம் போடுவதில் அர்த்தம் இருக்கிறதா?

மலர்விழி_சேன்லெ · ஏப்ரல் 17, இரவு 9.40

என்ன எடுக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மேவிக் 3இன் முக்கியக் கேமராவில் நான்குக்கு மூன்று சென்சார், மினியில் இருப்பதைப் போல பரப்பளவில் மூன்று மடங்குக்கு மேல். விடியற்காலையில் மலை நிழலில் இருக்க, பின்னால் வானம் வெளுக்கும் நேரத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும். மினி நிழலைக் கறுப்பாக்கிவிடும், மேவிக்கில் நிழலுக்குள் இருக்கும் மரம் கிடைக்கும். மினியில் துளை எஃப்/1.7இல் நிலையானது, மேவிக்கில் மாற்றலாம். காற்றுத் தாங்கும் திறனும் மினிக்கு 10.7, மேவிக்குக் 12.

ஆனால் கைப்பேசியில் மட்டும் பார்க்கப் போகிறீர்கள், நிறம் திருத்த உட்காரப் போவதில்லை என்றால் மினி போதும். மேவிக் டி-லாக்கில் எடுத்தது அப்படியே பார்த்தால் சாம்பல் பூசிய மாதிரி இருக்கும். கணினியில் உட்கார்ந்து நிறத்தைக் கொண்டுவர வேண்டும். வினாடிக்கு 200 மெகாபிட் வரை எழுதும், நிமிடத்துக்கு ஒன்றரை ஜிகாபைட். அதற்குத் தகுந்த கார்டு, தகுந்த கணினி, தகுந்த பொறுமை. இதற்கெல்லாம் மனம் இருந்தால் மேவிக்.

தெற்குக்காற்று · ஏப்ரல் 18, காலை 6.02

விதி லேசு என்பதைப் பாதிதான் ஒத்துக்கொள்வேன். கேமரா வைத்த ட்ரோன் 249 கிராமானாலும் ஆல்ஃபா டாங்கோ என்ற அரசுப் பதிவுத் தளத்தில் உங்களை இயக்குநராகப் பதிய வேண்டும். 120 மீட்டர் உயரம், கண்ணுக்கு எட்டும் தூரம், இரண்டும் எல்லோருக்கும். ஊருக்குள் பொது இடத்துக்கு மேல் பொழுதுபோக்குக்காகப் பறக்க விட முடியாது. இரவிலும் முடியாது. கூட்டத்துக்கு மேல் எந்த எடையிலும் முடியாது.

குமரன் தம்பி, உங்களுக்கும் ஒன்று. வாங்கியது பழைய ட்ரோன் என்கிறீர்கள். அதில் சி1 முத்திரை, அதாவது 900 கிராமுக்குள் உள்ள ட்ரோன்களுக்கான ஐரோப்பிய வகை முத்திரை, ஒட்டியிருக்கிறதா? 895 கிராம் என்பதால் மேவிக் 3 சி1க்குள் வரும். ஆனால் முதலில் விற்றவற்றில் முத்திரை இல்லை, பிறகுதான் விண்ணப்பித்து வாங்கும் வசதி வந்தது. முத்திரை இல்லாவிட்டால் 2024 ஜனவரி 1 முதல் ஏ3 பிரிவில் மட்டும் பறக்க வேண்டும், குடியிருப்புகளிலிருந்து 150 மீட்டர் தள்ளி. 800 கிராமுக்கு மேல் என்பதால் ட்ரோனையும் உங்கள் பெயருக்கு மாற்றிப் பதியுங்கள். இணையத்தில் 40 கேள்விப் பயிற்சித் தேர்வு, முக்கால் பங்கு சரியாக இருந்தால் தேர்ச்சி, ஐந்து வருடம் செல்லும். ஒரு மாலையில் முடித்துவிடலாம்.

பறக்கும் முன் ட்ரோன் எங்கே விடலாம் என்று காட்டும் அரசு வரைபடம் பாருங்கள். சிவப்பு என்றால் கூடாது, மற்ற நிறங்களுக்கு ஒவ்வொரு உயரம். ரோலான் காரோஸ், பியேர்ஃபோன் விமான நிலையங்களைச் சுற்றி நிறைய நிறம். தேசியப் பூங்காவின் மையப்பகுதி தீவில் ஐந்தில் இரண்டு பங்கு, ஒரு லட்சம் ஹெக்டேருக்கு மேல். மாஃபாத் மலைப் பள்ளத்தாக்கு, எரிமலையைச் சுற்றிய ஆன்க்ளோ பள்ளம் எல்லாம் அதற்குள் வரும். அனுமதி இல்லாமல் அங்கே ட்ரோன் கிடையாது. மாஃபாத்துக்குச் சாலையே இல்லை, அரிசி மூட்டையிலிருந்து நோயாளி வரை ஹெலிகாப்டரில்தான். நமக்கு வெளிச்சம் நன்றாக இருக்கும் அதே காலை நேரத்தில்தான் அவர்களும் பறக்கிறார்கள். ஒரு கிலோ எடை ஹெலிகாப்டர் விசிறியில் மாட்டினால் என்ன ஆகும் என்று யோசித்தால் விதியே தேவையில்லை. சேன்-லெவில் பாராகிளைடர் ஆட்கள், அவர்கள் மேல் எந்த இரும்புக் கூடும் கிடையாது.

கவனக்குறைவாகத் தடைப் பகுதிக்குள் போனாலே ஆறு மாதம் சிறை, 15,000 யூரோ வரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது. தெரிந்தே செய்தால் ஒரு வருடம், 45,000.

மோர்ன்_வாத்தியார் · ஏப்ரல் 20, மாலை 4.15

மொரீஷியஸிலிருந்து வணக்கம். பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லித்தருகிறேன், விடுமுறை நாளில் ட்ரோன். எங்கள் நாட்டு விதி வேறு, இங்கே எடுத்து வருபவர்கள் விமானத் துறையிடம் முன்பே கேட்டுவிட்டு வாருங்கள். பேட்டரியைப் பெட்டியில் போடாதீர்கள், கைப்பையில்தான். மேவிக் 3இன் பேட்டரி 77 வாட்-மணி, 100க்குள் இருப்பதால் தனி அனுமதி வேண்டாம்.

எல்லோரும் விடியற்காலை வெளிச்சத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். மலைக்கு அது சரி. எங்கள் பக்கம் காயல் நீரை எடுக்க அது உதவாது. சூரியன் தாழ்வாக இருந்தால் நீரின் மேல் வானம்தான் தெரியும், அடியில் உள்ள மணலும் பவளமும் தெரியாது. காலை பத்திலிருந்து பிற்பகல் இரண்டுக்குள் சூரியன் தலைக்கு மேல் இருக்கும்போதுதான் அந்தப் பச்சையும் நீலமும் பிரியும்.

லெ மோர்ன் மலைக்கு அடியில் கடலுக்குள் அருவி விழுவது போல ஒரு காட்சி உண்டு. உண்மையில் அருவி இல்லை. பாறைத் திட்டின் விளிம்பில் மணலும் வண்டலும் ஆழத்தை நோக்கிச் சரிந்து கிடப்பதால், மேலிருந்து பார்த்தால் நீரே கொட்டுவது போலத் தோன்றும். கரையில் நின்றால் ஒன்றும் தெரியாது. நான் பிறந்ததிலிருந்து அந்தக் கரையில் மீன் வாங்குகிறேன். முதல் முறை திரையில் அதைப் பார்த்தபோது கன்ட்ரோலரைப் பிடித்த கை நடுங்கியது.

அதை எடுக்கப் போலரைசர் ஃபில்டர் மாட்டினேன். நீரின் பளபளப்பை அது அதிகமாக நீக்குவது ஒரு குறிப்பிட்ட சாய்வில், கேமரா கிடைமட்டத்திலிருந்து சுமார் 37 டிகிரி கீழே பார்க்கும்போது. நேர் கீழே பார்த்தால் பலன் இல்லை. இன்னொரு சிக்கல், ட்ரோன் திரும்பினால் சூரியனோடு அதன் கோணம் மாறும், ஒரே காட்சியில் கடல் பாதியில் நிறம் மாறிவிடும். அதனால் போலரைசர் மாட்டினால் திருப்பாமல் நேர்கோட்டில் மட்டும் போவேன்.

நீரின் மேல் தாழ்வாகப் பறக்கும்போது கீழ்ப்புற சென்சாரை நம்பாதீர்கள். அலை அசைவது அதைக் குழப்பும். ஐந்து மீட்டருக்குக் கீழே நான் இறங்குவதில்லை.

பிராபனோன்_குமரன் · மே 3, இரவு 9.25

பயிற்சித் தேர்வு முடித்தேன், ட்ரோனை என் பெயருக்கு மாற்றினேன். முத்திரை ஒட்டியிருக்கிறது, விற்றவர் முறையாகச் செய்திருக்கிறார். என்டி16 மாட்டி நேர்கோட்டுப் பயிற்சி எடுத்ததில் வித்தியாசம் கண்கூடாகத் தெரிகிறது.

காவடிக்கு வருகிறேன். கூட்டத்துக்கு மேல் கூடாது என்று அண்ணா சொன்னது புரிகிறது. ஓரமாக, தெருவுக்குப் பக்கத்து வயலுக்கு மேல் நின்று எடுத்தால்?

மலர்விழி_சேன்லெ · மே 3, இரவு 10.48

தம்பி, இதைச் சட்டமாகச் சொல்லாமல் என் அனுபவமாகச் சொல்கிறேன்.

நான் பால்காவடி எடுப்பவள். பத்து நாள் விரதம் இருந்து, ஆற்றங்கரையில் நீராடி, அங்கிருந்து நடக்க ஆரம்பிக்கும்போது நாதஸ்வரமும் மேளமும் தவிர வேறொன்றும் காதில் விழாது. கால் சுடுகிறது என்பதே கோயில் வாசலில்தான் தெரியும். ஒரு வருடம் தலைக்கு மேல் ஒரு ட்ரோன் வந்து நின்றது. யாருடையது என்று தெரியவில்லை. ஒரு வண்டின் சத்தம் விடாமல், நின்ற இடத்திலேயே. எனக்கு முன்னால் அலகு குத்தி நடந்த பையன் நிமிர்ந்து பார்த்தான். அவன் தோளில் காவடி சாய்ந்தது. இரண்டு பக்கமும் பிடித்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த நிமிடத்துக்குப் பிறகு கோயில் வரை என் மனம் மேலேயே இருந்தது. அடுத்த வருடம்தான் அந்தக் காவடி எனக்கு முடிந்த மாதிரி இருந்தது.

பக்கத்து வயலுக்கு மேல் நின்றாலும் சத்தம் வரும். நீங்கள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை என்று தெரியும்.

புதுவை_செல்வா · மே 4, காலை 7.30

அக்கா சொன்னதை மதிக்கிறேன். ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1848இல் அடிமைமுறை ஒழிந்த பிறகு கரும்புக்காக இங்கே கொண்டுவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அவர்கள் எடுத்த காவடிக்குப் படம் இல்லை, அவர்கள் முகமே பலருக்கு இல்லை. இன்று கருவி இருக்கிறது. ஒரு தெரு முழுக்கக் காவடி நிறைந்து வருவதை மேலிருந்து ஒரு முறையாவது பதிந்து வைத்தால் நூறு வருடம் கழித்து வருபவர்களுக்கு அது கிடைக்கும். கோயில் நிர்வாகமே முறையான அனுமதியோடு தொழில்முறை ஆளை வைத்து, தூரத்திலிருந்து, நீள லென்ஸில் எடுக்கச் சொல்லலாம் அல்லவா?

மலர்விழி_சேன்லெ · மே 4, மதியம் 1.10

செல்வா, அந்த ஏக்கம் எனக்கும் உண்டு. என் பாட்டியின் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. நிர்வாகம் முடிவு செய்து, காவடி எடுப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லி, அரசு அனுமதியோடு தூரத்தில் நின்று எடுத்தால் நான் எதிர்க்க மாட்டேன். யாரும் கேட்காமல் தலைக்கு மேல் வருவதைத்தான் சொல்கிறேன்.

அது இல்லாமலே ஒரு வழி இருக்கிறது. ஊர்வலம் போகும் தெருவில் மாடி வீடுகள் இருக்கின்றன. ஒரு வீட்டுக்காரரிடம் கேட்டு, மொட்டை மாடியில் ஆறு மீட்டர் கம்பத்தில் கேமராவைக் கட்டுங்கள். மேலிருந்து பார்க்கும் கோணம் கிடைக்கும், சத்தம் இல்லை, விதியும் குறுக்கே வராது. நான் இரண்டு கல்யாண ஊர்வலத்தை இப்படி எடுத்திருக்கிறேன். காவடியின் மயிலிறகு அந்த உயரத்திலிருந்துதான் அழகு. 100 மீட்டரிலிருந்து அது வெறும் புள்ளி.

பிராபனோன்_குமரன் · மே 5, இரவு 8.02

அக்கா, சரி. கம்பம்தான். தைப்பூசத்துக்கு முன் உங்களை நேரில் வந்து பார்க்கிறேன், கட்டும் விதத்தைச் சொல்லிக்கொடுங்கள். ட்ரோனை மாமனாரின் நிலத்துக்கு வைத்துக்கொள்கிறேன்.

தெற்குக்காற்று · மே 6, காலை 5.55

நிலத்துக்கு அவசரப்படாதீர்கள். கரும்பு பூக்கட்டும், ஜூனில் நன்றாக இருக்கும். வெட்டு தொடங்குவதற்கு முன் கிடைக்கும் சில வாரம்தான். அதுவரை நிலத்தைக் காலால் சுற்றுங்கள். மின்கம்பி எங்கே போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள், மெல்லிய கம்பியை ட்ரோனின் சென்சார் பார்க்காது. ஸ்போர்ட் மோடில் எந்தத் தடையையும் பார்க்காது. காலையில் சூரியன் எந்த மரத்துக்குப் பின்னால் எழுகிறது, நிழல் எந்த வரிசையில் எத்தனை மணிக்கு விலகுகிறது, எழுதி வையுங்கள். பப்பாங்க் வட்டமிடுகிறதா என்றும் பாருங்கள். இந்தத் தீவில் கூடு கட்டும் ஒரே வேட்டைப் பறவை அது, பாதுகாக்கப்பட்டது. அது நெருங்கினால் படத்தை மறந்து இறக்கிவிடுங்கள்.

பிராபனோன்_குமரன் · ஜூன் 28, இரவு 10.20

எடுத்துவிட்டேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து வாரம் நிலத்தைச் சுற்றினேன். மூன்று ஞாயிறு மழை. போன ஞாயிறு மேகம் மலையோடு நின்றது. மாமனாரைக் காரில் உட்கார வைத்து நிலத்து ஓரம் வரை கொண்டுபோனோம். கன்ட்ரோலரில் இன்னொரு திரை இணைத்து அவர் மடியில் வைத்தேன். ஏழு மணிக்குச் சூரியன் எழுந்தது, காற்று இன்னும் கிளம்பவில்லை. வரைபடம் காட்டிய உயரத்துக்குள், முதல் பேட்டரியில் பத்து மீட்டருக்குக் கீழேயே பறந்தேன்.

கரும்புப் பூவுக்குப் பின்னால் வெளிச்சம் வைத்து, சூரியனை நோக்கி, சினி மோடில், நேர்கோட்டில் ஒரே நகர்வு. அந்த நேரத்தில் வெளிச்சம் மெலிவு என்பதால் என்டி16 போதும், டி-லாக், எஃப்/4. பூவெல்லாம் வெள்ளியும் இளஞ்சிவப்புமாக எரிந்தது. பனித்துளி தெரிகிறது. முதல் தடவையாக நான் பார்த்து ஏங்கிய அந்த வழுக்கல் என் படத்தில்.

ஆனால் எழுத நினைத்தது அது இல்லை. இரண்டாவது பேட்டரியில் 60 மீட்டர் உயரத்துக்கு ஏற்றி மெதுவாகக் கீழே பார்க்க வைத்தேன். மாமனார் தீவின் மொழியான கிரியோலில் "நிறுத்து" என்றார். கரும்புக்கு நடுவில் ஒரு கோடு, கொஞ்சம் வெளிறிய பச்சை, கொஞ்சம் குட்டை. நான் ஐந்து வாரம் நடந்தும் அதைப் பார்க்கவில்லை. அவர் விரலால் திரையைத் தொட்டுக்கொண்டே போனார். அவர் தாத்தா காலத்து மாட்டுவண்டிப் பாதையாம். லாரி வருவதற்கு முன் கரும்பை அந்த வழியாகத்தான் ஆலைக்கு ஏற்றினார்களாம். வண்டிச் சக்கரம் இறுக்கிய மண்ணில் அத்தனை வருடம் உழுதும் கரும்பு முழுசாக வளர்வதில்லை, அந்த இடத்தில் உரம் கூடுதலாகப் போடச் சொல்லித் தன் அப்பா சொல்வார் என்றார். கோடு முடியும் இடத்தில் ஒரு மாமரம். அதன் அடியில்தான் வெட்டுக்காரர்கள் சோறு சாப்பிடுவார்களாம்.

அவருடைய முன்னோர் காரைக்காலில் கப்பலேறியவர்கள் என்று குடும்பத்தில் சொல்வதுண்டு. நான் விமானத்தில் வந்தவன். இருவரும் ஒரே திரையைப் பார்த்துக்கொண்டு இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தோம். பேட்டரி 40 தொட்டதும் இறக்கினேன், அண்ணா.

ஏழரைக்குள் முடிந்தது. எட்டே முக்காலுக்கு மலை மறைந்துவிட்டது.

மோர்ன்_வாத்தியார் · ஜூன் 29, காலை 6.40

குமரன், அந்தப் பாதையைச் சூரியன் இன்னும் தாழ்வாக இருக்கும்போது பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்துப் பாருங்கள். குட்டைக் கரும்பின் மேல் உயரக் கரும்பின் நிழல் விழும், கோடு இன்னும் தெளிவாக எழும். ஐயா பேசியதைக் குரலாகப் பதிந்தீர்களா? ட்ரோனுக்குக் காது கிடையாது.

பிராபனோன்_குமரன் · ஜூன் 29, இரவு 7.55

பதியவில்லை, வாத்தியார் ஐயா. ஞாயிறு மறுபடி போகிறோம், கைப்பேசியை அவர் பக்கத்தில் வைத்துப் பதிவேன். இன்று காலை அவரே கேட்டார், ஆற்றுக்கு அந்தப் பக்கம் பழைய ஆலையின் புகைபோக்கி நிற்கிறதே, அதையும் பார்க்க முடியுமா என்று.

தெற்குக்காற்று · ஜூன் 30, காலை 5.50

முடியும். நிலம் யாருடையது என்று விசாரித்து அனுமதி கேளுங்கள், வரைபடத்தில் அந்த இடத்தின் நிறத்தைப் பாருங்கள். புகைபோக்கியைச் சுற்றி வட்டமடிக்கும்போது ஆட்டோ வட்டத்தை நம்பாமல் கையால் ஓட்டுங்கள், உச்சியில் செடி முளைத்திருக்கும். ஞாயிறு தெற்கே காற்று பலமாக இருக்கும் என்று சொல்கிறார்கள், கிழக்கே உங்களுக்கு எப்படி என்று சனி இரவு பார்த்துவிட்டு எழுதுங்கள். சரியாக இருந்தால் நானும் வருகிறேன்.